வீட்டுக் காய்ச்சிவடிப்பில் குளிர்நீர் மேலாண்மை

வீட்டுக் காய்ச்சிவடிப்பில் குளிர்நீர் மேலாண்மை என்பது, வீட்டளவிலான வடிகலன் ஒன்றில் மதுசார ஆவியை மீண்டும் நீர்மமாக்கும் ஒடுக்கிக்கு உரிய அளவில், உரிய வெப்பநிலையில், தடையின்றி நீர் வழங்குவதையும், அந்நீர் ஏற்றுக்கொண்ட வெப்பத்தை அகற்றுவதையும் குறிக்கும். காய்ச்சிவடித்தலில் அடுப்பு ஆவியை உருவாக்குகிறது. ஒடுக்கி அதை நீர்மமாக்குகிறது. இவ்விரண்டும் சமநிலையில் இருக்கும்போது மட்டுமே வடிகலன் பாதுகாப்பாக இயங்கும்.

ஒடுக்கியில் ஓடும் நீர் செலவழிவதில்லை. அது சூடாக மட்டுமே செய்கிறது. எனவே குளிர்நீர் மேலாண்மை என்பது அடிப்படையில் வெப்ப மேலாண்மையே ஆகும். நீர் குறைந்தால் எளிதில் தீப்பற்றும் எத்தனால் ஆவி அறைக்குள் வெளியேறும். நீர் மிகுந்தால் நூற்றுக்கணக்கான லிட்டர் நன்னீர் வீணாகும். வீட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காக மதுசாரம் வடிப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளுள் ஒன்றான நியூசிலாந்தின் நடைமுறையை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்பட்டுள்ளது. பெரும்பாலான நாடுகளில் உரிமமின்றி மதுசாரம் வடிப்பது குற்றமாகும் (பார்க்க: சட்டநிலை).

## சொல் விளக்கம்

இக்கட்டுரையில் கீழ்க்காணும் சொற்கள் பின்வரும் பொருளில் கையாளப்படுகின்றன.

* ஊறல் - நொதித்து முடிந்த, வடிப்பதற்கு ஆயத்தமான நீர்மம்.
* வடிகலன் - ஊறலைக் கொதிக்கவைக்கும் கலம், ஆவி செல்லும் குழாய், ஒடுக்கி ஆகியவை சேர்ந்த முழுக் கருவி.
* ஒடுக்கி - ஆவியைக் குளிர்வித்து நீர்மமாக்கும் பகுதி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது குளிர்விப்பான் எனப்படுகிறது.
* வடிநீர்மம் - ஒடுக்கியிலிருந்து சொட்டும் நீர்மம்.
* பின்னோட்டம் - ஒடுங்கிய நீர்மத்தின் ஒரு பகுதி மீண்டும் கொதிகலத்தை நோக்கி வழிந்தோடுதல்.

## வரலாறு

ஆவியைக் குளிர்விப்பதற்கு மனிதர் கண்ட முதல் வழி காற்றே. பழைய வடிகலன்களின் தலைப்பகுதி காற்றுப் பட்டே குளிர்ந்தது. தலைப்பகுதியின்மேல் ஈரத்துணி போர்த்துவதும், அதைச் சுற்றி நீர் நிரம்பிய தொட்டி அமைப்பதும் பின்னர் வந்த மேம்பாடுகள். சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கப் பயன்படும் வாலையந்திரமும் இதே கொள்கையில் இயங்குவதுதான். மேற்கலத்தில் உள்ள நீர் சூடேறியதும் அதை இறைத்துவிட்டுப் புதுநீர் ஊற்றவேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோசி நகரில் அத்தர் வடிப்போர் பயன்படுத்தும் செப்புக் கலன்களில், ஆவியைப் பெறும் கலமே ஒரு நீர்த் தொட்டிக்குள் அமர்த்தப்பட்டிருக்கும். அங்குத் தனியாக ஒடுக்கி கிடையாது. தொட்டி நீரின் குளிர்ச்சியே ஆவியை ஒடுக்குகிறது. நீர் சூடேறுவதைக் கையால் உணர்ந்து மாற்றுவது அத்தொழிலாளரின் கைத்திறன்களுள் ஒன்று.

ஐரோப்பாவில் சுருள் வடிவச் செப்புக் குழாயை நீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தும் முறை பரவியது. ஸ்காட்லாந்தின் விசுக்கி வடிசாலைகள் சில இன்றும் இச்சுருள் தொட்டிகளைப் பயன்படுத்துகின்றன. டால்வின்னி வடிசாலை 1986ஆம் ஆண்டில் தன் சுருள் தொட்டிகளை அகற்றிப் புதுவகைக் குழாய்க்கட்டு ஒடுக்கிகளைப் பொருத்தியது. அதனால் மதுசாரத்தின் தன்மை மாறியதாகக் கண்டு 1995இல் மீண்டும் சுருள் தொட்டிகளுக்கே திரும்பியது. குளிர்விக்கும் முறை சுவையையும் பாதிக்கும் என்பதற்கு இது பெரிதும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு ஆகும்.

ஆய்வுக்கூடங்களில் காணப்படும், குழாய்க்குள் குழாய் அமைந்த ஒடுக்கி செருமானிய வேதியியலாளர் யுசுட்டசு வான் லீபிக்கின் (1803 - 1873) பெயரால் அழைக்கப்படுகிறது. எனினும் அதன் தொடக்க வடிவத்தை 1771ஆம் ஆண்டிலேயே கிறித்தியான் எரன்பிரீடு வைகல் உருவாக்கியிருந்தார். லீபிக் அதைப் பரவலாக்கினார்.

1830ஆம் ஆண்டில் ஏனியசு காபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலன் இன்னொரு படி முன்னேறியது. அதில் ஆவியைக் குளிர்விக்கும் வேலையைத் தண்ணீருக்குப் பதிலாகப் புதிய ஊறலே செய்கிறது. ஊறல் அந்த வெப்பத்தை ஏற்று முன்சூடாகிவிடுவதால் நீரும் எரிபொருளும் ஒருங்கே மிச்சமாகின்றன.

## நியூசிலாந்தில் வீட்டுக் காய்ச்சிவடிப்பு

நியூசிலாந்தின் தென்தீவில் உள்ள ஓக்கோனுய் குன்றுகள் கள்ளத்தனமாக விசுக்கி வடித்ததற்குப் பெயர்பெற்றவை. 1870களில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மேரி மெக்ரே என்பவரின் குடும்பத்தார் இத்தொழிலோடு தொடர்புபடுத்தப்படுகின்றனர். கோர் என்னும் ஊரில் இவ்வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது. இத்தகைய மறைவான வடிகலன்களுக்குக் காட்டின் மறைப்பைப் போலவே தண்ணீர் ஓடும் ஓடையும் இன்றியமையாததாக இருந்தது.

1996ஆம் ஆண்டின் சுங்க மற்றும் ஆயத்தீர்வைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து, சொந்தப் பயன்பாட்டுக்காக மதுசாரம் வடிப்பது அந்நாட்டில் சட்டப்படியான செயலாயிற்று. 2018இல் புதிய சட்டம் வந்த பின்னரும் இந்நிலை தொடர்கிறது. ஓடைக்கரையில் இருந்த வடிகலன் இவ்வாறு சமையலறைக்கும் மகிழுந்துக் கொட்டகைக்கும் இடம்பெயர்ந்தபோது, ஓடையின் இடத்தைக் குழாய்நீர் பிடித்துக்கொண்டது. குளிர்நீர் ஒரு தனிச் சிக்கலாக உருவெடுத்தது இதன் பின்னரே.

## வெப்பக் கணக்கு

### அடிப்படை

நீர்மம் ஒன்று ஆவியாகும்போது உட்கொள்ளும் வெப்பம் உள்ளுறை வெப்பம் எனப்படும். ஆவி ஒடுங்கும்போது அதே அளவு வெப்பம் வெளிப்படும். 1 கிலோகிராம் தூய நீரின் ஆவியாதல் வெப்பம் ஏறத்தாழ 2257 கிலோயூல். எத்தனாலுக்கு அது ஏறத்தாழ 840 கிலோயூல். கொதிக்கும் ஊறலுக்கு அடுப்பு தரும் வெப்பம் ஆவியோடு பயணம் செய்து ஒடுக்கியில் வெளிப்படுகிறது. கலத்தின் சுவர்கள் வழியே காற்றில் கசிவதைத் தவிர, மீதி முழுவதையும் குளிர்நீரே சுமந்துசெல்லவேண்டும்.

இதிலிருந்து எளிய விதி ஒன்று பெறப்படுகிறது: அடுப்பின் திறன் எவ்வளவோ, ஒடுக்கியின் குளிர்விக்கும் திறனும் ஏறத்தாழ அவ்வளவு இருத்தல் வேண்டும். ஊறலின் அளவோ, அதிலுள்ள எத்தனாலின் விழுக்காடோ ஒரு மணி நேரத்திற்கு வேண்டிய நீரை முடிவு செய்வதில்லை. அடுப்பின் திறனே முடிவு செய்கிறது.

நியூசிலாந்தின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. வழக்கமான சுவர்ச் செருகி 10 ஆம்பியர் தாங்கும். எனவே ஒரு செருகியிலிருந்து பெறக்கூடிய உச்சத் திறன் 2.3 கிலோவாட் ஆகும். வீட்டு வடிகலன்கள் பெரும்பாலும் 2 கிலோவாட் அளவில் அமைவதற்கு இதுவே காரணம்.

### தேவையான நீரின் அளவு

நீர் ஏற்றுக்கொள்ளும் வெப்பத்தைக் கீழ்க்காணும் சமன்பாட்டால் கணக்கிடலாம்.

வெப்பம் = நீரின் நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை உயர்வு

நீரின் தன்வெப்பம் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகை செல்சியசுக்கு 4.186 கிலோயூல். அடுப்பின் திறன் 2 கிலோவாட் எனவும், வெப்பக் கசிவு இல்லை எனவும் கொண்டு கணக்கிட்ட அளவுகள் பின்வருமாறு.

| நீரின் வெப்பநிலை உயர்வு | நிமிடத்திற்கு | மணிக்கு | 4 மணி நேரத்திற்கு |
|---|---|---|---|
| 10 °செ | 2.9 லிட்டர் | 172 லிட்டர் | 690 லிட்டர் |
| 20 °செ | 1.4 லிட்டர் | 86 லிட்டர் | 345 லிட்டர் |
| 30 °செ | 1.0 லிட்டர் | 57 லிட்டர் | 230 லிட்டர் |
| 40 °செ | 0.7 லிட்டர் | 43 லிட்டர் | 170 லிட்டர் |

ஒரே வேலையை 170 லிட்டரிலும் செய்யலாம், 690 லிட்டரிலும் செய்யலாம் என்பது அட்டவணையிலிருந்து விளங்கும். வெளியேறும் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ, அவ்வளவு நீர் மிச்சமாகிறது. வெளிநீர் குளிர்ச்சியாக இருப்பது ஒடுக்கி நன்கு இயங்குவதன் அடையாளம் அன்று. தேவைக்கு மேல் நீர் ஓடுகிறது என்பதன் அடையாளமே.

உள்வரும் நீர் 15 °செ ஆக இருந்தால் வெளிநீரை 45 அல்லது 55 °செ வரை உயரவிட இயலும். வெப்பநாடுகளில் குழாய்நீரே 30 °செ அளவில் இருப்பதால், அதே 50 °செ வெளிநீருக்கு 20 பாகை உயர்வுதான் கிடைக்கும். வடிநீர்மத்தையும் 30 °செ-க்குக் கீழே குளிர்விக்க இயலாது.

### சூடேறும் காலம்

வடித்தலின் தொடக்கத்தில் குளிர்நீர் தேவைப்படுவதில்லை. எடுத்துக்காட்டாக, 15 °செ-இல் உள்ள 25 லிட்டர் ஊறலை 2 கிலோவாட் அடுப்பு கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு மணி நேரத்திற்கும் சற்றுக் கூடுதலாகும். இக்காலம் முழுவதும் வெப்பம் ஊறலிலேயே தங்குகிறது. அடுப்பு மூட்டியவுடனேயே குழாயைத் திறந்துவிடுவது நீர் வீணாவதற்கு வழக்கமான காரணங்களுள் ஒன்று. எனினும் ஆவி வந்த பிறகு திறக்கலாம் எனக் காத்திருப்பதும் தவறு. ஊறல் 60 °செ-ஐ எட்டும்போதே நீரோட்டத்தைத் தொடங்கி, ஒடுக்கியின் உறை நிரம்பியதை உறுதிசெய்துகொள்வது நல்வழக்கம் ஆகும்.

## ஒடுக்கி வகைகள்

* லீபிக் ஒடுக்கி - ஆவி செல்லும் குழாயைச் சுற்றி நீர் செல்லும் உறை அமைந்தது. செய்வதும் தூய்மையாக்குவதும் எளிது. நீளம் கூடுதலாகத் தேவைப்படும்.
* சுருள் தொட்டி - நீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்த சுருள் குழாய். தொட்டி நிறைய நீர் இருப்பதால், நீர்வரத்து சிறிது நேரம் நின்றாலும் தாங்கும். சூடான நீர் இலேசானதாகையால் மேலே மிதக்கும். எனவே புதுநீரை அடியில் செலுத்தி, சூடான நீரை மேலிருந்து வழியவிடவேண்டும்.
* குழாய்க்கட்டு ஒடுக்கி - ஓர் உறைக்குள் பல மெல்லிய குழாய்கள் அடங்கியது. குறைந்த நீளத்தில் கூடுதல் பரப்பு கிடைக்கும். நீர் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால் ஆவி சட்டென ஒடுங்கி, வடிநீர்மம் விட்டுவிட்டு வரக்கூடும்.
* காற்றொடுக்கி - நீர் தேவைப்படாதது. சிறிய அடுப்புகளுக்கு மட்டுமே பொருந்தும்.

செம்பின் வெப்பங்கடத்தும் திறன் துருவுறா எஃகினதைவிட இருபது மடங்குக்கும் கூடுதல். ஆனால் குழாயின் சுவர் மெல்லியதாக இருப்பதால், ஒடுக்கியின் செயல்திறனில் இவ்வேறுபாடு அதே விகிதத்தில் வெளிப்படுவதில்லை. சுவரை ஒட்டி மெதுவாக நகரும் நீர்ப்படலமே வெப்பத்திற்குப் பெருந்தடை. உறையின் இடைவெளியைக் குறுக்கி நீரைக் கலங்கி ஓடச்செய்தால், அதே அளவு நீர் கூடுதல் வெப்பத்தை ஏற்கும். செம்பு கந்தகச் சேர்மங்களை ஈர்த்து மணத்தை மேம்படுத்துவதால், ஆவி படும் பகுதிகளில் அது விரும்பப்படுகிறது.

## நீரோட்டத்தின் திசை

ஒடுக்கியில் ஆவி மேலிருந்து கீழாகவும் நீர் கீழிருந்து மேலாகவும் செல்லுதல் வேண்டும். இது எதிரோட்டம் எனப்படும். இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, நீர் கீழிருந்து ஏறும்போது உறை முழுவதும் நிரம்பியிருக்கும். மேலிருந்து செலுத்தினால் நீர் ஒருபக்கமாக வழிந்தோடி, காற்றுக்குமிழிகள் உறைக்குள் சிக்கிக்கொள்ளும். அவ்விடங்களில் ஆவி குளிராது.

இரண்டாவது, எதிரோட்டத்தில் மிகக் குளிர்ந்த நீர் வெளியேறும் வடிநீர்மத்தைச் சந்திக்கிறது. சூடேறிய நீர் புதிதாய் வரும் ஆவியைச் சந்திக்கிறது. இதனால் வெளிநீர் வடிநீர்மத்தைவிடச் சூடாக இருக்க இயலும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் இது இயலாது; ஆகவே கூடுதல் நீர் செலவாகும்.

வடிநீர்மம் குளிர்ந்து வருவது அளவீட்டுக்கும் முக்கியம். மதுசாரமானிகள் வழக்கமாக 20 °செ-க்கு அளவு திருத்தப்பட்டவை. சூடான வடிநீர்மத்தின் அடர்த்தி குறைவாதலால் மானி ஆழமாக அமிழ்ந்து, உண்மையைவிடக் கூடுதலான விழுக்காட்டைக் காட்டும்.

## பின்னோட்டமும் குளிர்நீரும்

எளிய வடிகலனில் ஆவி முழுவதும் ஒரே ஒடுக்கிக்குச் செல்கிறது. கம்பம் போன்ற உயர்ந்த குழாயைக் கொண்ட வடிகலன்களில், உச்சியில் ஒடுங்கும் நீர்மத்தின் பெரும்பகுதி கீழே திருப்பி விடப்படுகிறது. ஏறும் ஆவியும் இறங்கும் நீர்மமும் மீண்டும் மீண்டும் கலந்து பிரிவதால் எத்தனாலின் செறிவு உயர்கிறது.

இங்கு மணிக்கணக்கில் பார்த்தால் நீர்ச்செலவு மாறுவதில்லை. அடுப்பின் திறன் மாறாததே காரணம். ஆனால் கிடைக்கும் வடிநீர்மத்தின் லிட்டர் ஒன்றுக்கான நீர்ச்செலவு பெருகுகிறது. ஐந்து பங்கு ஆவியில் நான்கு பங்கு திருப்பப்பட்டு ஒரு பங்கு மட்டுமே எடுக்கப்பட்டால், எடுத்த ஒரு பங்குக்காக ஐந்து பங்கின் வெப்பத்தை நீர் சுமக்கிறது. நீரின் வெப்பநிலை உயர்வு 30 °செ எனில், செறிந்த மதுசாரம் 1 லிட்டருக்கு ஏறத்தாழ 30 லிட்டர் குளிர்நீர் ஓடவேண்டியிருக்கும்.

பின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள் மூன்று.

1. குளிர்நீரால் கட்டுப்படுத்தல் - உச்சி ஒடுக்கிக்குச் செல்லும் நீரைக் கூட்டியும் குறைத்தும் எவ்வளவு ஆவி தப்பிச்செல்லலாம் என்பதை முடிவுசெய்தல்.
2. நீர்மத்தால் கட்டுப்படுத்தல் - ஆவி முழுவதையும் ஒடுக்கிவிட்டு, ஒடுங்கிய நீர்மத்தில் ஒரு பகுதியை மட்டும் அடைப்பான் வழியே எடுத்தல்.
3. ஆவியால் கட்டுப்படுத்தல் - ஆவியை இரு பாதைகளாகப் பிரித்து, ஒரு பாதையை மட்டும் வெளியே விடுதல்.

முதல் முறையில் குளிர்நீர் குளிர்விக்கும் ஊடகமாக மட்டுமன்றிக் கட்டுப்பாட்டுக் கருவியாகவும் ஆகிவிடுகிறது. வீட்டில் வேறொருவர் குளியலறைக் குழாயைத் திறந்தாலோ, துணிதுவைக்கும் எந்திரம் நீரை இழுத்தாலோ குழாயழுத்தம் குறையும். உடனே பின்னோட்டம் குறைந்து வடிநீர்மத்தின் தரம் தாழும். மற்ற இரு முறைகளிலும் உச்சி ஒடுக்கிக்குத் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக நீர் ஓடினால் போதும். சிறு ஏற்ற இறக்கங்கள் பாதிப்பதில்லை.

குழாயழுத்த மாற்றத்திற்கு எளிய தீர்வு உயர்மட்டத் தொட்டி ஆகும். உயரத்தில் வைத்த சிறு தொட்டியில் மிகைநீர் வழிந்தோடும் துளை ஒன்றை அமைத்து, நீர்மட்டத்தை மாறாமல் வைத்தால் அதிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமும் மாறாது. வழியும் நீரை வேறு கலத்தில் சேகரித்துக்கொள்ளலாம்.

## நீர் வழங்கும் முறைகள்

### ஒருமுறை ஓட்டம்

குழாயிலிருந்து வரும் நீர் ஒடுக்கி வழியே சென்று வெளியேறிவிடும். கருவிச் செலவு மிகக் குறைவு. குளிர்ச்சி மாறாமல் கிடைக்கும். நீர் வீணாதல் இதன் குறை.

### தொட்டிச் சுழற்சி

சிறு மின்னேற்றி ஒன்று தொட்டி நீரை ஒடுக்கிக்கு அனுப்பி, திரும்பி வரும் நீரை மீண்டும் அதே தொட்டியில் சேர்க்கிறது. தொட்டியின் அளவே இங்கு வரம்பு. 200 லிட்டர் பீப்பாயின் நீர் 2 கிலோவாட் வெப்பத்தால் மணிக்கு ஏறத்தாழ 8.6 °செ உயரும். 15 °செ-இல் தொடங்கினால் நான்கு மணி நேர முடிவில் 49 °செ ஆகிவிடும். 100 லிட்டர் தொட்டியாயின் இரண்டே மணி நேரத்தில் அந்நிலையை அடையும். தொட்டி சூடேறச்சூடேற நீரோட்டத்தைக் கூட்டிச் சிறிது சமாளிக்கலாம்; ஆனால் வடிநீர்மம் தொட்டி நீரைவிடக் குளிர்ந்து வர ஒருபோதும் இயலாது.

### பனிக்கட்டி

தொட்டியில் பனிக்கட்டி இடுவது பரவலான வழக்கம். ஆனால் கணக்கு அதற்கு அவ்வளவாகத் துணைநிற்பதில்லை. 1 கிலோகிராம் பனிக்கட்டி உருக 334 கிலோயூல் வேண்டும். 5 கிலோகிராம் உருகினால் 2 கிலோவாட் அடுப்பின் 14 நிமிட வெப்பமே ஈடாகும். உருகிய நீர் 30 °செ வரை சூடேறுவதையும் சேர்த்தால் 19 நிமிடம். நான்கு மணி நேரத்திற்குப் பனிக்கட்டியை மட்டும் நம்ப வேண்டுமாயின் 60 கிலோகிராமுக்கு மேல் தேவைப்படும்.

### வெப்ப வெளியேற்றி

மகிழுந்துகளில் உள்ளது போன்ற வெப்ப வெளியேற்றியையும் விசிறியையும் சுற்றில் சேர்த்தால், நீர் ஏற்ற வெப்பம் காற்றில் கலந்துவிடும். இம்முறையில் நீர்ச்செலவு அநேகமாக இல்லை. ஆனால் சுற்றும் நீரைச் சூழ்காற்றின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர இயலாது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணரவேண்டும். வெளியேற்றியைக் குளிர்நீரின் சுற்றில் பொருத்துவது ஏற்புடையது. ஆவியையே அதன் வழியே செலுத்தி ஒடுக்கியாகப் பயன்படுத்துவது உயிருக்கு ஆபத்தானது. பழைய மகிழுந்து வெளியேற்றிகளின் பற்றாசில் ஈயம் உண்டு. உறைதடுப்பு நீர்மத்தின் எச்சமும் தங்கியிருக்கும். அமெரிக்காவில் கள்ளச்சாராயம் அருந்தியோருக்கு ஏற்பட்ட ஈய நஞ்சேற்றத்திற்கு இத்தகைய ஒடுக்கிகள் காரணமாக இருந்துள்ளன.

### ஆவியாதல் குளிர்ச்சி

30 °செ அளவில் 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச்செல்கிறது. இது 2 கிலோவாட் அடுப்பின் 20 நிமிட வெப்பம். அதே வெப்பத்தை நீரைச் சூடாக்கும் வழியில் அகற்ற, 10 பாகை உயர்வில் 57 லிட்டருக்கு மேல் தேவை. திரும்பி வரும் நீரைத் தொட்டிக்குள் மெல்லிய தாரைகளாக விழவிட்டு விசிறியால் காற்றூட்டினால், ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கும். அனல்மின் நிலையங்களின் குளிர்கோபுரங்கள் இக்கொள்கையிலேயே இயங்குகின்றன. உலர்ந்த காற்றில் இது நன்கு பயன்தரும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பயன் குறையும்.

## பாதுகாப்பு

குளிர்நீர் நின்றுபோவது வீட்டுக் காய்ச்சிவடிப்பின் பெரிய ஆபத்துகளுள் ஒன்று. ஒடுக்கி குளிராதபோது ஆவி அப்படியே வடிகுழாய் வழியே அறைக்குள் வரும். காற்றில் எத்தனால் ஆவி 3.3 முதல் 19 விழுக்காடு வரை இருக்கும்போது தீப்பொறி பட்டால் தீப்பற்றும். அவ்வாவி காற்றைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனமானது. எனவே தரையோடு பரவித் தொலைவிலுள்ள அடுப்பையோ மின்பொறியையோ எட்டக்கூடும். தூய எத்தனாலின் தீப்பற்றுநிலை 13 °செ அளவினது. 40 விழுக்காட்டு மதுசாரத்தினதும் 26 °செ அளவே. அதாவது, அறை வெப்பநிலையிலேயே வடிநீர்மத்தின் மேற்பரப்பில் தீப்பற்றக்கூடிய ஆவி இருக்கும்.

இதனால் பின்வரும் நடைமுறைகள் வலியுறுத்தப்படுகின்றன.

* தொடக்கத்தில் நீர் முதலில், ஆவி பின்னர். முடிவில் அடுப்பு முதலில் அணைக்கப்படவேண்டும். ஆவி அடங்கிய பின்னரே நீர் நிறுத்தப்படவேண்டும்.
* நீர்வரத்து நின்றால் முதற்செயல் வெப்பத்தை நிறுத்துவது. குழாயைச் சரிசெய்வது இரண்டாவதே.
* வடிநீர்மம் கைக்கு வெதுவெதுப்பாகத் தோன்றினாலோ, வடிகுழாயின் வாயில் புகைபோன்ற ஆவி தெரிந்தாலோ, நெடி திடீரென மிகுந்தாலோ ஒடுக்கி போதவில்லை என்பது பொருள்.
* வடிகுழாயின் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்கலாகாது. ஆவி கசிவதைத் தடுக்க எண்ணிச் சேகரிக்கும் கலத்தைக் காற்றுப்புகாமல் மூடினால், கொதிகலத்தில் அழுத்தம் ஏறி வெடிக்கும்.
* நீர்க்குழாய்களின் இணைப்புகளைக் கவ்விகளால் இறுக்கவேண்டும். வெளிநீர்க்குழாய் சூட்டால் இளகிக் கழன்றுவிடுவது உண்டு. அவ்வாறு கழன்றால் சுடுநீர் மேலே தெறிப்பதோடு மின்னிணைப்புகளும் நனையும்.
* மின்னேற்றியும் அடுப்பும் மின்கசிவுத் தடுப்பான் வழியே இணைக்கப்படவேண்டும். நீரோட்டம் நின்றால் அடுப்பைத் தானே அணைக்கும் ஓட்ட உணரியைப் பொருத்துவது மேலும் நன்று.
* திறந்த சுடரைப் பயன்படுத்தலாகாது. காற்றோட்டம் இருத்தல் வேண்டும். இயங்கும் வடிகலனை விட்டு அகலலாகாது.

ஒடுக்கியை நன்கு குளிர்வித்தால் மெத்தனால் பிரிந்துவிடும் என்னும் கருத்து தவறானது. மெத்தனாலின் கொதிநிலை 64.7 °செ, எத்தனாலினது 78.4 °செ. குளிர்ந்த ஒடுக்கியில் இவ்விரண்டின் ஆவியும் ஒருங்கே நீர்மமாகிவிடும். குளிர்நீர் ஆவியை ஒடுக்குமே தவிரத் தூய்மைப்படுத்தாது.

## நீரின் தரமும் பராமரிப்பும்

கடினநீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள் படிவாகின்றன. மெல்லிய படிவும் வெப்பம் கடத்தப்படுவதைத் தடுக்கும். அதே நீரோட்டத்தில் முன்பைவிட வடிநீர்மம் சூடாக வருமாயின் படிவைச் சந்தேகிக்கலாம். எலுமிச்சை அமிலக் கரைசலை உறைக்குள் சுற்றவிட்டுப் படிவை அகற்றலாம்.

தொட்டிச் சுழற்சியில் நீர் நெடுநாள் தேங்கினால் பாசி பிடிக்கும். 20 முதல் 45 °செ வரையிலான வெதுவெதுப்பான நீரில் இலெசியோனெல்லா என்னும் பாக்டீரியா பெருகவல்லது. நீர் நுண்துளிகளாகத் தெறிக்கும் அமைப்புகளில் அதை மூச்சோடு உட்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் தொட்டியை வடித்துலர்த்துவது எளிய தீர்வு. ஒட்டகோ, சவுத்துலாந்து போன்ற தென்பகுதிகளில் குளிர்கால உறைபனியால் உறைக்குள் தங்கிய நீர் பனியாகி விரிந்து குழாயைப் பிளக்கக்கூடும் என்பதாலும் வடித்துவைப்பது தேவையாகிறது.

## நீர்ச் சிக்கனம்

ஓக்லாந்து நகரில் நீருக்கு மானி அளவின்படி கட்டணம் பெறப்படுகிறது. 2020ஆம் ஆண்டு வறட்சியின்போது, மே 16 முதல் அந்நகரில் வீட்டு வெளிப்புற நீர்க்குழாய்ப் பயன்பாட்டுக்குக் கட்டாயக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. ஊர்ப்புற வீடுகள் பல மழைநீர்த் தொட்டிகளையே நம்பியுள்ளன. அங்கு ஒரே வடிப்புக்கு 690 லிட்டர் செலவிடுவது எளிதன்று.

சிக்கனத்திற்கான வழிகள் முக்கியத்துவ வரிசையில் பின்வருமாறு.

1. ஊறல் சூடேறும் காலத்தில் நீரை மூடிவைத்தல்.
2. எதிரோட்டத்தைச் சரியாக அமைத்து, வடிநீர்மம் குளிர்ந்து வரும் அளவுக்கு மட்டும் நீரைக் குறைத்து, வெளிநீரைச் சூடாக வெளியேறவிடுதல்.
3. சூடான வெளிநீரைத் துணி துவைக்கவும் கலங்கள் கழுவவும் பயன்படுத்துதல்.
4. மழைநீர்த் தொட்டிக்குள் சூடான நீரைத் திருப்பிவிடுதல். 5000 லிட்டர் தொட்டியை 2 கிலோவாட் வெப்பம் நான்கு மணி நேரத்தில் 1.4 °செ மட்டுமே உயர்த்தும். குடிநீர்த் தொட்டியாயின் ஒடுக்கியும் குழாய்களும் குடிநீருக்கு உகந்தவையாக இருத்தல் வேண்டும்.

## சட்டநிலை

நியூசிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு வடிக்கலாம். உரிமமின்றி விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படியும், இலங்கையில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படியும் உரிமமின்றி மதுசாரம் வடிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் பியர் வடிப்பதை அனுமதித்ததே அன்றி, மதுசாரம் காய்ச்சி வடிப்பதை அனுமதிக்கவில்லை.

இங்குக் கூறப்பட்ட வெப்பக் கணக்கு மதுசாரத்திற்கு மட்டும் உரியதன்று. பள்ளி ஆய்வுக்கூடத்தில் தூயநீர் வடிப்பதற்கும், ஓமத் தீநீர் இறக்குவதற்கும், யூக்கலிப்டசு, எலுமிச்சம்புல் ஆகியவற்றிலிருந்து எண்ணெய் எடுப்பதற்கும் இதே சமன்பாடு பொருந்தும். வடிபொருள் நீராக இருக்கும்போது குளிர்நீர் நின்றால் அறையில் நீராவி பரவும். எத்தனாலாக இருக்கும்போது தீ பரவும்.